கையெழுத்தும் பொறுப்பும்

சென்ற பொங்கல் விழாவுக்கு முன் நான் ஒரு தவறு செய்தேன். அதை மறைப்பதைவிட எழுதிவிடுவது நன்று. எனக்குப் பின் நம் சங்கத்தின் பொருளாளராக வருவோர்க்குப் பயன்படும்.

தமக்கையின் திருமணத்திற்காக நான் தில்லியிலிருந்து திருச்சிக்குப் புறப்படும் நாள் அது. சங்கக் கணக்கிலிருந்து பணம் எடுக்கச் செயலாளர், பொருளாளர் ஆகிய இருவரின் கையெழுத்தும் வேண்டும். விழாச் செலவு காத்திராதே என்று, ஐந்து வெற்றுக் காசோலைகளில் கையெழுத்திட்டுச் செயலாளரிடம் கொடுத்தேன். அவரும் அப்போதே ஐந்திலும் ஒப்பமிட்டு வைத்தார். திரும்பி வந்து பார்த்தபோது மூன்று செலவாகியிருந்தன, ஒன்று கையில் இருந்தது, ஐந்தாவதைக் காணோம்.

"எங்கேயாவது இருக்கும், தம்பி. என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்றார் செயலாளர். ஆயினும் என்னோடு வங்கிக்கு வந்தார். மேலாளர் கேட்டது ஒரே கேள்வி: "இரண்டும் உங்கள் கையெழுத்துத்தானே?" ஆம் என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது? அந்த எண்ணுள்ள காசோலைக்குப் பணம் தரலாகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

சட்டம் பயில்பவன் நான். அந்தக் கேள்வியின் ஆழம் அதன் பிறகே எனக்கு விளங்கிற்று.

காசோலை என்பது வாடிக்கையாளர் தம் வங்கிக்கு இடும் கட்டளை. கையெழுத்துப் பொய்யானால் அங்கே கட்டளையே இல்லை. வங்கி கொடுத்தது தன் பணத்தையே. பீகாரில், பிஹ்டா என்னும் ஊரின் கரும்பு விற்பனைக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கிற்கு நம்முடையதைப் போலவே இரு கையெழுத்துத் தேவை. ஒரு காசோலையில் ஒன்று போலி. சங்கத்தாரின் கவனக்குறைவை வங்கி சுட்டிக் காட்டியும், இழப்பு வங்கியுடையதே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இவ்வழக்கைக் காணலாம்.

1987-இல் கனரா வங்கி வழக்கிலும் இதே முடிவு. ஒரு நிறுவனத்தின் கணக்கர் 42 காசோலைகளில் மேலாண் இயக்குநரின் கையெழுத்தைப் போலியாக இட்டு, மூன்றே கால் லட்சம் ரூபாய்க்கு மேல் எடுத்துவிட்டார். கணக்குப் புத்தகத்தைப் பார்த்து நிறுவனம் முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டாமா என்று வங்கி வாதாடியது. அத்தகைய ஒப்பந்தம் இல்லாதவரை அது வாடிக்கையாளரின் சட்டக் கடமை அன்று என்றது நீதிமன்றம்.

அப்படியானால் நமக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. இங்கிலாந்தில் ஒரு மனைவி கணவரின் கையெழுத்தைப் போலியாக இட்டுப் பணம் எடுத்தார். அறிந்தும் கணவர் வங்கியிடம் சொல்லவில்லை. மனைவி இறந்த பின்பே வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் அவர் தோற்றார். 1918-இல் முடிந்த மற்றொரு வழக்கில், இடைவெளி விட்டு எழுதப்பட்ட 2 பவுன் காசோலையை எழுத்தர் 120 பவுனாக்கினார். கையெழுத்தோ முதலாளி இட்டது. இழப்பும் அவரையே சேர்ந்தது.

நம் நாட்டின் 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 89-ஆம் பிரிவும், திருத்தியது வெளியே தெரியாத காசோலைக்கு முறைப்படி பணம் கொடுத்த வங்கியைக் காக்கிறது. 20-ஆம் பிரிவோ, கையெழுத்திட்டு நிரப்பாமல் கொடுத்த தாளை நிரப்பிக்கொள்ளும் உரிமையைப் பெற்றவருக்குத் தருகிறது. காணாமற்போன அந்தக் காசோலையில் ஒருவன் தொகையை எழுதி மாற்றியிருந்தால், 'போலி' என்று சொல்ல எனக்கு வாயே இருந்திராது.

50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளின் விவரத்தை முன்னரே வங்கிக்குத் தெரிவித்து ஒப்பிடச் செய்யும் முறையை ரிசர்வ் வங்கி 1-1-2021 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் நம்மைப் போன்ற சிறு சங்கத்தின் காசோலைகளில் பெரும்பாலானவை அந்த அளவை எட்டுவதில்லை. அங்கே நம் இரண்டாம் கையெழுத்தே காவல்.

ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதற்காகவே இரு கையெழுத்து. நான் பாராமல் கையெழுத்திட்டபோது அந்தக் காவலை நானே நீக்கிவிட்டேன். இதைச் செயலாளரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மீதியிருந்த வெற்றுக் காசோலையை எடுத்துத் தம் கையாலேயே கிழித்தார்.

ஐந்தாவது காசோலை இன்றுவரை கிடைக்கவில்லை, பணமும் போகவில்லை. நண்பர்களே, சரிபார்ப்பது ஐயுறவு ஆகாது. பெயரும் தொகையும் நாளும் எழுதிய பின்னரே ஒப்பமிடுங்கள். ஊருக்குப் போகும் அவசரத்திலும் இதை மறவாதீர்கள்.