இசையில் பட்டம் படிக்க வந்த பிள்ளைகளுக்கு

சிதம்பரத்தில் 1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கினார். வருஷக்கணக்கில் குருவின் வீட்டோடு இருந்து கற்ற வித்தையை, மணி அடித்தால் கலைந்துவிடும் வகுப்பில் கற்க முடியுமா என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை. முடியும் என்பதே என் எண்ணம். ஆனால் தேர்வுத்தாளில் எழுதுவது ஒரு பக்கமும் தொண்டையில் வருவது ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடக் கூடாது. வாய்ப்பாட்டை முதன்மைப் பாடமாக எடுத்து முதலாண்டில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, அதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. முதல் மாதத்திலேயே உங்கள் சுருதி எது என்று ஆசிரியரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். கீழே மந்தர பஞ்சமம் தெளிவாகக் கேட்க வேண்டும், மேலே தார பஞ்சமம் கத்தாமல் வர வேண்டும். பையன்களுக்குப் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. எல்லோரும் சேர்ந்து பாடும் வகுப்பில் ஒரே சுருதிதான் வைக்க முடியும், அது யாராவது ஒருவருக்கு ஒத்துவராது. அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் குரலை இழுத்துப் பிடித்துப் பாடாதீர்கள். தாளம் போட்டுக்கொண்டு காதால் பாடத்தை வாங்குங்கள். அன்று மாலையே உங்கள் கட்டையில் அதைப் பாடிவிடுங்கள்.

2. தம்புரா மீட்டவும் சுருதி சேர்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். செல்போனில் சுருதி ஓடுகிறதே, இது எதற்கு என்று கேட்பீர்கள். செல்போன் உங்களுக்காகச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. உங்கள் காதுக்கு அங்கே வேலை இல்லை. துறையில் உறை போட்டு மூலையில் சாய்த்து வைத்திருக்கும் தம்புராவை எடுத்துப் பாருங்கள். பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம் என்று நான்கு தந்திகள். பிரடையைத் திருகிச் சேர்த்த பிறகும் நாதம் மொட்டையாகவே இருக்கும். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூல் இருக்கிறதே, அதுதான் ஜீவா. அதை மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஏதோ ஓர் இடத்தில் தந்தி திடீரென்று ரீங்கரிக்கும். அந்த இடத்தைத் தானாகக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு, அதன் பிறகு அபசுருதி தன் குரலிலேயே உறுத்தும்.

3. இசையியல் தாளில் எழுதும் ஒவ்வொன்றையும் பாடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இதைத்தான் எல்லாவற்றிலும் முக்கியமாகச் சொல்வேன். பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி ‘சதுர்தண்டி பிரகாசிகை’யில் 72 மேளங்களை வகுத்தார் என்று இரண்டு பக்கம் எழுதுவீர்கள். தோடி எட்டாவது மேளம், அதற்குச் சாதாரண காந்தாரம் என்றும் எழுதி மதிப்பெண் வாங்குவீர்கள். ஹார்மோனியத்தில் அந்தக் காந்தாரக் கட்டையை மட்டும் அழுத்திப் பாருங்கள், தோடி வராது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துப் பக்கமிருந்து எழுந்து மத்திமத்தைத் தொட்டு ஊசலாடும். அந்த அசைவுதான் தோடி. டி.என். ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் வாசித்த தோடி இசைத்தட்டுகளில் பதிவாகியிருக்கிறது. தேடிக் கேளுங்கள். காந்தாரம் வருகிற இடத்தில் நிறுத்தி, கூடப் பாடிப் பாருங்கள். ஒரு வாரம் அந்த ஒரே ஸ்வரத்தில் கழிந்தாலும் கவலைப்படாதீர்கள். கமகம் பற்றிய கேள்விக்கு அதன் பிறகு நீங்கள் எழுதும் விடை வேறு மாதிரி இருக்கும்.

4. அச்சிட்ட ஸ்வரக் குறிப்பை நம்பி மட்டும் கீர்த்தனை பாடம் பண்ணாதீர்கள். நம் கையில் கிடைக்கும் பெரும்பாலான புத்தகங்களில் கமகம் குறித்திருக்காது. 1904-இல் எட்டயபுரத்திலிருந்து தெலுங்கில் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்கென்றே தனித்தனிக் குறிகள் வைத்தார். மியூசிக் அகாடமி அதைத் தமிழில் கொண்டுவந்திருக்கிறது. நூலகத்தில் அதைப் பிரித்து வைத்து, உங்களுக்குப் பாடமான ஒரு தீட்சிதர் கீர்த்தனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே வேறுபடுகிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். நல்ல ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

5. மிருதங்கப் பிரிவுப் பிள்ளைகளோடு பழகுங்கள். வீட்டில் தனியாகக் கற்பவர்களுக்குக் கிடைக்காத பாக்கியம் இது. மதிய இடைவேளையில் பைரவி அட தாள வர்ணம் ‘விரிபோணி’யை அவர்கள் வாசிக்க, இரண்டு காலத்திலும் பாடிப் பாருங்கள். பதினான்கு அட்சரத்தில் எந்த இடத்தில் கை தடுமாறுகிறது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். கற்பனை ஸ்வரத்துக்கும் இதுவே துணை.

6. தெலுங்குச் சாகித்யத்தைப் பொருள் தெரியாமல் பாடாதீர்கள். பதம் பிரிக்கத் தெரிந்தவரிடம் உட்கார்ந்து, எங்கே மூச்சு எடுக்கலாம் என்று புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கையோடு கையாக ஓர் ஓதுவாரிடம் பத்துத் தேவாரப் பதிகமாவது பாடம் கேளுங்கள். பழம்பஞ்சுரம் சங்கராபரணம், காந்தார பஞ்சமம் கேதாரகௌளை என்று அட்டவணையில் மனப்பாடம் பண்ணியதெல்லாம் அப்போது பாட்டாக வந்து நிற்கும்.

7. தொண்டை கட்டினால் பாடாதீர்கள். தேர்வு வாரமாக இருந்தாலும் சரி.

8. பட்டம் வாங்கிய பிறகு சோறு போடுமா என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதற்குக் கோபப்படாதீர்கள். எல்லோரும் மேடைக்குப் போகப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பவர்கள், நாட்டியத்துக்குப் பாடுபவர்கள், ஆய்வுக்குப் போகிறவர்கள் எல்லோரும் சங்கீதத்தால்தான் வாழ்கிறார்கள். அகில இந்திய வானொலியின் குரல் தேர்வுக்கு இறுதியாண்டில் தயாராகலாம் என்று காத்திருக்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ராகம், தாளம், இயற்றியவர் என்று கட்டம் போட்டு, பாடமான உருப்படிகளை இப்போதே எழுதத் தொடங்குங்கள். புத்தகம் பார்க்காமல், தம்புராவோடு, முழுதும் பாட வருவதை மட்டும் அதில் ஏற்றுங்கள். பாதி தெரிந்தவை பென்சிலில் இருக்கட்டும்.