கழுவேலியின் நீர்மட்டமும் கரையோர நிலமும்

பிரம்மதேசம், மரக்காணம் வட்டாரத்துக் கழுவேலி ஏரி ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிற்பதன்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையோடு மேட்டு ஏரிகளின் கலங்கல் நீரும் வந்து சேர, நீர்ப்பரப்பு அகன்றுவிடுகிறது. கோடையில் பெரும்பகுதி வறண்டுபோம். நன்னீர் குறையுங்கால் உப்பங்கழி வழியே கடல்நீர் ஏறும். உப்பளத்துக்கு உகந்த இந்நீர் நெல்லுக்கு ஆகாது.

ஆகவே சித்திரையில் வெளிப்படும் தரையைத் தம் பட்டாவின் தொடர்ச்சியென்றெண்ணி உழுபவர் நஷ்டமே அடைவர். தரை காய்ந்ததனால் அது ஏரியல்லாமற் போவதில்லை. 2021-இல் கழுவேலி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின் எல்லை விஷயத்தில் கவனம் இன்னும் அவசியம்.

கரையோர நிலத்தின் பேரில் கடன் மனு வந்தால், சங்க நிர்வாக சபையார் கார்த்திகையில் நீர் எட்டிய குறியையும், சித்திரையில் கிணற்று நீரின் சுவையையும் விசாரித்த பின்னரே நிலத்தை மதிப்பிடுதல் வேண்டும்.