குஞ்சுகளின் இதய உறையையும் தாக்கும் பூசணம்

கோழிக் குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால், சளியோ வெள்ளைக் கழிச்சலோ என்று எண்ணி மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். ஆனால் காரணம் பல சமயம் கொட்டகைத் தரையிலேயே இருக்கும். நனைந்த கூளத்தில் வளரும் ‘ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ்’ என்னும் பூசணமே அது. சென்னையில் தரமணி போன்ற, சதுப்பு நிலத்துக்கு அருகிலுள்ள தாழ்வான இடங்களில் கோழி வளர்ப்போர், ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

நோய் வரும் விதம்

உமி, மரத்தூள், நிலக்கடலைத் தோல் ஆகியவை நனைந்து, பின் காயும்போது பூசண வித்துக்கள் தூசியுடன் பறக்கின்றன. குஞ்சுகள் இவற்றைச் சுவாசிக்கின்றன. மூன்று வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளே அதிகம் மடியும். இந்நோய் ஒரு குஞ்சிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதில்லை. எல்லாக் குஞ்சுகளும் ஒரே கூளத்தைச் சுவாசிப்பதால்தான் பல குஞ்சுகள் சேர்ந்து சாகின்றன.

இறந்த குஞ்சில் காண்பவை

நுரையீரலிலும் காற்றுப்பைகளிலும் கடுகளவு மஞ்சள் நிற முடிச்சுகள் காணப்படும். நோய் முற்றினால் இதயத்தைச் சுற்றியுள்ள உறையும் தடித்து, அதிலும் இம்முடிச்சுகள் தோன்றலாம். முடிச்சு இல்லாமல் இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் வெண்படலம் மூடியிருந்தால், பெரும்பாலும் அது ‘ஈ.கோலி’ பாக்டீரியாவின் வேலை. இதய உறையினுள் வெளிர்மஞ்சள் நீர் தேங்கியிருந்தால் அது ஒரு வைரஸ் நோயாகலாம். மூன்றுக்கும் வழி வேறு. ஆகவே கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்து கொள்ளுங்கள். சென்னையில் இருப்போர் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். திடீரென்று பல கோழிகள் இறந்தால் நீங்களே அறுக்காமல், உடனே மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

செய்ய வேண்டியவை

1. பாக்டீரியாவுக்கான மருந்துகள் பூசணத்தைக் கொல்லா. அதற்குச் செலவிடும் பணம் வீண்.

2. குஞ்சுகளை வேறிடத்துக்கு மாற்றி, பழைய கூளம் முழுவதையும் அகற்றுங்கள். தூசி பறக்காதபடி லேசாக நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு அள்ளுங்கள். இவ்வித்துக்கள் மனிதரின் நுரையீரலுக்கும் கெடுதல்.

3. தரையைக் கழுவி நன்கு உலர்த்தி, வெயிலில் காய்ந்த புதிய உமியை இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்புங்கள்.

4. தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனையும் கூளத்தை அன்றாடம் மாற்றுங்கள்.

5. பூத்த தீவனத்தைக் கொடுக்காதீர்கள். அழுக்கு முட்டைகளை அடைக்கு வைக்காதீர்கள்.

நோய் கண்ட குஞ்சு பிழைப்பது அரிது. ஆனால் கூளத்தை உடனே மாற்றினால், எஞ்சிய குஞ்சுகளைக் காப்பாற்றி விடலாம்.