விண்ணப்பம் எழுதுகையில்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தில் சேர, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டபடியால், தனுவச்சபுரம், பாறசாலைப் பகுதித் தமிழர் ஒரே பெயரை இரண்டு லிபிகளில் எழுத வேண்டியவர்களாயினர். குறைதீர்ப்பு மனுவைத் தமிழிலேயே அளிக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 350ஆம் பிரிவு நல்கியிருக்கிறது. அதைத் தயங்காமல் பிரயோகியுங்கள். ஆயினும் பெயர், வீட்டுப்பெயர் ஆகியவை ரேஷன் கார்டில் உள்ளபடியே, சர்வே எண் நில ஆவணத்தில் உள்ளபடியே, அட்சரம் பிசகாமல் இருத்தல் அவசியம். ‘வள்ளி’ ‘வல்லி’யாகிவிட்டால், அலுவலகக் கோப்பில் அவள் வேறொருத்தி! தமிழில் ககரம் ஒன்றே, மலையாளத்திலோ நான்கு. ஆகையால் ‘கோபாலன்’ போன்ற பெயர்களை மலையாளத்திலும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ‘மனு கொடுக்கப்பட்டது’ என்று பொதுவாக நிறுத்தாமல், யார், எந்தத் தேதியில், எவரிடம் கொடுத்தார் என்று எழுவாயோடு எழுதி, கையொப்பமிடுமுன் வேறொருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.