ஆபரேஷனுக்குப் பிறகு நாயின் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள்

“மனுசனுக்கு மருந்து சொல்ற சித்த வைத்தியருக்கு நாய்கிட்ட என்ன வேலை?” என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் போன கோடையில் திருச்சுழிப் பக்கமிருந்து ஒரு குடும்பம், டாஷ்ஹண்ட் நாயைத் துண்டில் சுற்றி அருப்புக்கோட்டைக்குத் தூக்கி வந்தது. முதுகில் ஆபரேஷன் முடிந்து ஐந்து நாள். “பின்னங்கால் எந்திரிக்கலை ஐயா, வாதத் தைலம் குடுங்க” என்றார்கள்.

நம்ம சிப்பிப்பாறை, ராஜபாளையம் நாய்களுக்கு இந்த நோய் அவ்வளவாக வருவதில்லை. குட்டைக்கால், நீள முதுகுள்ள டாஷ்ஹண்டுக்குத்தான் அதிகம். முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு இளவயதிலேயே கெட்டிப்பட்டு, பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தும். அழுத்துவதை எடுத்துவிட்டாலும் நசுங்கிய நரம்பு தேற வாரக்கணக்கில் ஆகும். ஐந்தாம் நாள் எழவில்லை என்பதற்காகப் பயப்பட வேண்டாம்.

நான் பயந்தது வேறொன்றுக்கு. “ஒண்ணுக்கு நல்லா போகுதா?” என்றேன். “சொட்டிக்கிட்டே இருக்குங்க” என்றார் அந்த அம்மா. அடிவயிற்றைத் தொட்டால் தேங்காய் மாதிரி கெட்டி! அது போவதல்ல; நிரம்பி வழிவது. நரம்பு செயலிழந்தால் மூத்திரப்பை தானாகக் காலியாகாது. தேங்கினால் கிருமி சேரும், பையின் தசையும் தளர்ந்துவிடும். தினம் மூன்று நான்கு தடவை அமுக்கி எடுக்க வேண்டும். எப்படி என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கையோடு கையாகக் கற்றுக்கொள்ளுங்கள். முரட்டுத்தனமாக அமுக்கினால் ஆபத்து. அன்றே அவர்களைத் திருப்பி அனுப்பினேன். குழாய் போட்டு எடுத்தார்களாம்.

அடுத்தது படுக்கைப் புண். வெறும் சிமெண்ட் தரையில் போடாதீர்கள். கனத்த மெத்தை மேல் பழைய நூல் சேலை விரித்து, நாலு மணிக்கொரு தரம் புரட்டிப் போடுங்கள். நம் கரிசல் வெயிலில் ஈரத்தோடு விட்டால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும்.

விரலைக் கிள்ளினால் காலை இழுக்கிறதே என்று மகிழாதீர்கள், அது அனிச்சைச் செயல். வலித்துத் திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா என்பதே கேள்வி. அந்த உணர்வே அற்றுப்போன சில நாய்களுக்கு முதல் சில நாட்களில் தண்டுவடம் அழுகி, வாதம் மேலே ஏறும். வயிறு தளரும், முன்னங்காலும் விழும், மூச்சு திணறும். இதற்கு எந்த வைத்தியத்திலும் மருந்தில்லை. அவஸ்தைப்பட விடாமல் உடனே மருத்துவரிடம் போங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

தைலமா? கொடுக்கவில்லை. நாய் நக்கிவிடும்; கற்பூரம் அதற்கு விஷம். வீட்டிலுள்ள இபுப்ரூஃபென் மாத்திரையும் கூடவே கூடாது.