கட்டுரை ஏடு ஏன் கசக்கிறது?

மாசிமகம் முடிந்த வாரத்தில் புதுச்சேரி முத்தியால்பேட்டைப் பிள்ளை ஒருவனிடம் தீர்த்தவாரியைப் பற்றிக் கேளுங்கள். வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன் வந்தது, கூட்டத்தில் தங்கச்சியின் ஒற்றைச் செருப்பு காணாமல் போனது, தேடப் போய் அப்பாவிடம் திட்டு வாங்கியது என்று மூச்சுவிடாமல் சொல்வான். அவனுக்கே ‘நான் கண்ட திருவிழா’ என்று தலைப்புக் கொடுத்தால், “திருவிழாக்கள் நம் பண்பாட்டின் அடையாளமாகும்” என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவைக் கடிப்பான். இதற்குப் பெரியவர்கள் நாம் சொல்லும் காரணங்களில் பல தவறானவை.

நம்பிக்கை: பிள்ளைகளுக்குச் சோம்பல், செல்போன் கெடுத்துவிட்டது.

செல்போன் நேரத்தைத் தின்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது வீட்டுக்குள் வருவதற்கு முன்பே கட்டுரை ஏடு கசந்தது. எழுதுகிறவன் சொல்ல வேண்டியதைத் தேட வேண்டும், வரிசைப்படுத்த வேண்டும், எழுத்துப் பிழையும் வராமல் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில். தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு: மனசில் “நெருக்கிச்சி” என்று வருவதை “நெருக்கியது” என்று மாற்றியாக வேண்டும். மாற்றுவதற்குள் அடுத்துச் சொல்ல நினைத்தது நழுவிவிடும். அப்போது கை மனப்பாட வரியைப் பிடித்துக்கொள்கிறது. இதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம்.

நம்பிக்கை: இலக்கணம் சரியாக இருந்தால் கட்டுரை தானாக வரும்.

4 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களின் எழுத்தைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஸ்டீவ் கிரகாம், டோலரஸ் பெரின் இருவரும் 2007இல் அமெரிக்காவில் ஓர் அறிக்கை தந்தார்கள். திட்டமிடுவதையும் திருத்துவதையும் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தபோது எழுத்து நன்றாக முன்னேறியது. இலக்கணத்தை மட்டும் தனியாக நடத்தியதில் எழுத்தின் தரம் உயரவில்லை. தமிழுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. சந்தியும் ஒற்றும் நமக்கு வேண்டும். ஆனால் ஏடு முழுக்கச் சிவப்பு மையில் ஒற்றுப் பிழையை மட்டும் சுழித்துத் திருப்பித் தந்தால், தான் சொன்னதை யாரும் படிக்கவில்லை என்றுதான் பிள்ளைக்குப் படும். ஓரத்தில் “செருப்பு கிடைத்ததா?” என்று ஆசிரியர் ஒரு கேள்வி எழுதட்டும். அடுத்த பத்தி வந்துவிடும்.

நம்பிக்கை: நல்ல கட்டுரை நாலைந்தை மனப்பாடம் செய்தால் போதும்.

மதிப்பெண் வரும், உண்மைதான். ஆனால் என் பார்வையில் பெரிய கேடு இதுதான். முன்னுரை, உள்தலைப்புகள், முடிவுரை எல்லாவற்றையும் நாமே கொடுத்துவிட்டால் பிள்ளை முடிவு செய்ய என்ன மிச்சம்? தனக்கென்று எதுவும் இல்லாத வேலையை யார் விரும்புவார்கள்?

இதற்கு மாறாக, இதே ஊரில் 1826இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே பள்ளி இருக்கிறது. அங்கே பக்கலோரியா என்னும் பள்ளியிறுதித் தேர்வில் தத்துவத் தாளுக்கு நான்கு மணி நேரம். கட்டுரையைத் தேர்ந்தெடுப்பவருக்குத் தலைப்பே ஒரு கேள்வி. அதன் இரண்டு பக்கத்தையும் வாதாடித் தன் முடிவுக்கு வர வேண்டும். அந்த முறையிலும் வாய்பாடு உண்டு, பயமும் உண்டு. ஆனால் எதை முதலில் சொல்வது என்பதை எழுதுகிறவரே தீர்மானிக்கிறார்.

நம்பிக்கை: எழுத்து பிறவி வரம்.

இதற்கு எடுத்துக்காட்டாகப் பாரதியையும் அவர் பாட்டெழுதிய முத்தியால்பேட்டைக் குயில் தோப்பையும் சொல்வார்கள். ஆனால் அவர் 1908இல் புதுச்சேரிக்கு வரும் முன்பே, 1904 முதல் சுதேசமித்திரன் நாளிதழில் செய்திகளை மொழிபெயர்த்து உரைநடையில் கை பழகியவர். வரம் பெற்றவருக்கே பழக்கம் தேவைப்பட்டது.

நம் பிள்ளைகளுக்கோ ஒரு பாடவேளையில் ஒரே முறை எழுதி, அதற்கே மதிப்பெண் வாங்கும் நிலை. முதல் படியைப் பேச்சுத் தமிழிலேயே எழுதவிடலாம். அதற்கு மதிப்பெண் வேண்டாம். ஏட்டின் இடப்பக்கத்தில் அது இருக்கட்டும். மறுநாள் அதைப் பக்கத்துப் பிள்ளையிடம் வாசித்துக் காட்டிவிட்டு, வலப்பக்கத்தில் எழுத்துத் தமிழில் திருத்தி எழுதட்டும். ஆசிரியர் மதிப்பெண் போட வேண்டியது அந்த வலப்பக்கத்துக்குத்தான்.