மண் சுவரை கம்ப்யூட்டரில் நிறுத்திப் பார்ப்போமா?

செட்டியார்பட்டியில ஒரு பழைய ஓட்டு வீடுன்னு வச்சுக்கோங்க. சுடாத பச்சைக்கல்லும் களிமண் சாந்தும் வச்சுக் கட்டின சுவர். 450 மி.மீ. கனம், 3 மீட்டர் உயரம். ஐப்பசி அடைமழையில வெளிப்பக்கம் அடி 150 மி.மீ. ஆழத்துக்கு அரிச்சுப் போயிருக்கு. "இடிச்சிடலாமா தம்பி, இல்ல நிக்குமா?"ன்னு வீட்டுக்காரம்மா கேக்குறாங்க. சிவில் படிக்கிற நாம என்ன சொல்றது?

உடனே அபாகஸ், ஆன்சிஸ்னு ஓடாதீங்க. முதல்ல ஒரு பேப்பர் எடுங்க.

மண் சுவரின் எடை ஒரு கன மீட்டருக்கு சுமார் 18 கிலோ நியூட்டன். அப்படின்னா அரிக்காத சுவரோட அடியில், தன் எடையால் மட்டும் வரும் ஸ்ட்ரெஸ் 0.054 எம்.பி.ஏ. பச்சைக்கல்லின் அமுக்க பலம் 1 எம்.பி.ஏ.ன்னு எடுத்தாலும் 18 மடங்கு தாங்கும். கவலையே இல்ல.

இப்போ அடியில மூன்றில் ஒரு பங்கு போயிடுச்சு. மீதி 300 மி.மீ. ஆனா மேலே இருக்கும் சுவரோட எடை பழைய மையக்கோட்டுலயே இறங்குது. மீதி இருக்கும் அடியின் மையத்திலிருந்து அது 75 மி.மீ. விலகி நிக்குது. மிடில் தேர்டு விதிப்படி 50 மி.மீ. தாண்டினாலே ஒரு பக்கம் இழுவிசை வந்துடும். களிமண் சாந்து இழுவிசையைத் தாங்காதுன்னு எடுத்தா, உள்பக்கம் ஜாயின்ட் திறக்கும்; 225 மி.மீ. மட்டும்தான் வேலை செய்யும். வெளி விளிம்பில் ஸ்ட்ரெஸ் 0.216 எம்.பி.ஏ.

அதாவது மூன்றில் ஒரு பங்கு போனதுக்கு ஸ்ட்ரெஸ் நான்கு மடங்கு! அந்த அடி நனைஞ்சு பலம் பாதியாச்சுன்னா, 18 மடங்கு இருந்த பாதுகாப்பு 2 மடங்கு சொச்சமா சுருங்கிடும். கூரை எடையை நாம இன்னும் சேர்க்கவே இல்ல.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். சுவரை மூணு விதமா மாடல் செய்யலாம். கல், சாந்து, ரெண்டும் ஒட்டுற இடம்னு தனித்தனியா வரைவது ஒண்ணு. சாந்தை வெறும் கோடாகச் சுருக்குவது இன்னொண்ணு. மொத்தச் சுவரையும் ஒரே பொருளாக எடுப்பது மூணாவது. இதுதான் மேக்ரோ மாடல். பச்சைக்கல்லும் களிமண் சாந்தும் கிட்டத்தட்ட ஒரே பொருள்தான் என்பதால், முழு வீட்டுக்கு மேக்ரோ மாடலே பெரும்பாலும் போதும்.

நாம மாட்டிக்கிற இடம் மெட்டீரியல் டேப். எம்-25 கான்கிரீட்டின் யங்ஸ் மாடுலஸ் 25,000 எம்.பி.ஏ.; பச்சைக்கல் சுவருக்கு சில நூறுதான். ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் பிரபலமாக்கிய, சிமென்ட் கலந்து அழுத்திய மண்கல்லின் எண்களையும் இங்கே போடக் கூடாது. அது வேற பொருள்.

இன்னொரு பொறி லீனியர் அனாலிசிஸ். நம்ம சுவரை அதில் ஓட்டினா, உள்பக்கம் 0.04 எம்.பி.ஏ. இழுவிசைன்னு காட்டும். கலர் படத்தில் யாரும் கவனிக்காத அளவு. ஆனா மண் சுவர் விரிசல் விட அதுவே போதும். நிக்கோலா தார்க்கே தன் 2011 முனைவர் ஆய்வில், பெருவில் நடந்த பச்சைக்கல் சுவர் சோதனையோட ஒப்பிட்டுத்தான் மாடலின் எண்களைச் சரிசெய்தார். அதில் இழுவிசை பலம் முக்கியமான எண். அதனால விரிசல் விடத் தெரிந்த நான்-லீனியர் மாடலையே எடுங்க. அடிப் பகுதிக்கு நனைந்த மண்ணின் எண்களைத் தனியா கொடுங்க. வர்ற விடையை பேப்பர் கணக்கோட ஒப்பிடுங்க.

அப்போ அந்த அம்மாவுக்கு என்ன பதில்? "இடிக்க அவசரம் வேண்டாம்மா. ஆனா அடுத்த மழைக்கு முன்னாடி, சுவருக்கு முட்டு கொடுத்துட்டு, அரிச்ச இடத்தை அதே மாதிரி மண்கல் வச்சு நிரப்பணும். ஓட்டுத் தண்ணி அடியில விழாம தள்ளி விடணும். சிமென்ட் பூச்சு மட்டும் வேண்டாம், அது ஈரத்தை உள்ளேயே அடைச்சு வச்சிடும்."

நேர்ல போய்ப் பார்த்து, அந்தச் சுவரோட மண்ணை டெஸ்ட் பண்ணின பிறகுதான் இதைச் சொல்லணும். மாடல் தப்பானா நமக்கு மார்க் போகும். அந்தச் சுவருக்குக் கீழே தூங்குறவங்களுக்கு அப்படி இல்ல.